நுக்குமாம்

ஒரு புதிய ஊர் மூன்று நாளைக்குத்தான் புதிதாக இருக்கும். நான்காம் நாள், எந்தக் கடையில் காப்பி நன்றாக இருக்கும் என்று தெரிந்துவிடுகிறது. ஒரு வாரத்தில் விடுதிக் காவலாளியும் நாமும் தலையசைத்துக்கொள்கிறோம். அதற்குப் பிறகு ஊர் கண்ணில் படுவதில்லை. மென்பொருள் ஆலோசகனாக இருபது வருடங்களில் பதினான்கு நாடுகளுக்குப் போய்வந்திருக்கிறேன். பாதி ஊர்களைப் பற்றிக் கேட்டால் விமான நிலையத்தைத்தான் என்னால் வர்ணிக்க முடியும்.

இதை யோசிக்க வைத்தவள் என் மகள். பள்ளிக் கட்டுரை ஒன்றுக்காக, "அப்பா, நீங்க மெல்பர்னுக்கு வந்த முதல் வாரம் என்னெல்லாம் பாத்தீங்க?" என்று கேட்டாள். நான் 2002 ஜூலையில் முதுகலை படிக்க வந்து இறங்கியவன். எலும்பில் ஏறிய குளிர், டிராம் வண்டியின் மணி, ரொட்டியின் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தது. இவ்வளவுதான் மிச்சம் இருந்தது. அவள் அரைப் பக்கம் எழுதிவிட்டு, மீதிக்கு இணையத்தில் வேறு யாரோ ஒருவரின் முதல் வாரத்தைத் தேடி எடுத்துக்கொண்டாள்.

எங்கள் குடும்பத்தில் இது இரண்டாவது முறை. அய்யா, அதாவது அப்பாவைப் பெற்றவர், 1930-களில் தேவகோட்டைச் செட்டியார் ஒருவரின் கடைக்குச் சமையலாளாகச் சைகோனுக்குக் கப்பலேறினார். அந்தக் காலத்தில் மூன்று வருடம் ஒரு கணக்கு. அப்படி இரண்டு கணக்கு இருந்துவிட்டு ஊர் திரும்பினார். ஆறு வருடத்தில் அவர் என்ன பார்த்தார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. விட்டுப்போனது ஒரு தகரப் பெட்டியும் ஒரு சொல்லும். கருவாட்டுக் குழம்பு கொதிக்கும்போது மூக்கை உறிஞ்சிவிட்டு, "என்ன இருந்தாலும் நுக்குமாம் மாதிரி வருமா?" என்பாராம். அது என்ன என்று சொன்னதில்லை. அது ஒரு பெண்ணின் பெயர் என்று அப்பத்தா முடிவு கட்டிவிட்டது. அய்யா போய்ச் சேர்ந்து பல வருடம் கழித்தும், வெற்றிலை இடித்துக்கொண்டே, "அந்த நுக்குமாம் சிறுக்கி..." என்று ஆரம்பிக்கும்.

2023 அக்டோபரில் அதே ஊருக்கு மூன்று வாரம் போகும் வேலை எனக்கு வந்தது. சரக்குக் கிடங்குகள் நடத்தும் ஒரு நிறுவனத்தின் பழைய மென்பொருளைப் புதியதற்கு மாற்றித் தர வேண்டும். 1976-இல் ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாறினாலும், ஊர்க்காரர்கள் பேச்சில் அது இன்றும் சைகோன்தான். நானும் அப்படியே எழுதுகிறேன். புறப்படும் முன் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கிக்கொண்டேன். கீழே இருப்பவை பெரும்பாலும் அதிலிருந்து.

முதலில் தெரு. விடுதிக்கு எதிர்ப்பக்கம்தான் அலுவலகம். நடுவில் மோட்டார் சைக்கிள்கள். 90 லட்சம் பேர் வாழும் ஊரில் 70 லட்சத்துக்கும் மேல் மோட்டார் சைக்கிள்கள் என்று விமானத்தில் படித்தபோது அது வெறும் எண். ஓரத்தில் நின்று பார்த்தபோது, தேர் நிலைக்கு வந்ததும் கூட்டம் கலையுமே, அந்த மாதிரி இருந்தது. ஆனால் இந்தக் கூட்டம் கலைந்து முடியவில்லை. ஒரு வண்டியில் பின்னால் இருந்தவர் ஆளுயரக் கண்ணாடிப் பலகையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். இன்னொன்றில் நான்கு எரிவாயு உருளைகள். இன்னொன்றில் தண்ணீர்ப் பைகளுக்குள் வண்ண மீன்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நசுங்கியபடி ஒரு குழந்தை தூங்கிக்கொண்டே போனது.

இடைவெளி வரும் என்று காத்திருப்பது மெல்பர்ன் பழக்கம். இங்கே இடைவெளி வருவதில்லை. பத்து நிமிடம் கழித்து, லாட்டரிச் சீட்டுக் கட்டோடு வந்த ஒரு பாட்டி என் முழங்கையைப் பிடித்தார். "கொன், கொன்" என்று ஏதோ சொன்னபடியே தெருவில் இறங்கிவிட்டார். ஓடவில்லை, நிற்கவில்லை. பிராகாரம் சுற்றுகிறவரைப்போல ஒரே சீராக நடந்தார். வண்டிகள் எங்களுக்கு முன்னும் பின்னுமாகப் பிரிந்து போயின. அந்தப் பக்கம் சேர்ந்ததும் சீட்டுக் கட்டை நீட்டினார். ஒரு சீட்டு 10,000 டோங். முக்கால் ஆஸ்திரேலிய டாலர்கூட இல்லை. தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரியைத் தடை செய்த பிறகு நான் கையில் தொட்ட முதல் சீட்டு. சாயங்காலக் குலுக்கலில் ஒன்றும் விழவில்லை. தெருவைக் கடத்திவிட்ட கூலி என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டு நாளில் சூட்சுமம் பிடிபட்டது. அத்தனை பேரும் நாம் அடுத்த நொடி எங்கே இருப்போம் என்று மனக்கணக்குப் போட்டபடி வருகிறார்கள். நாம் தயங்கினாலோ பின்னால் ஒரு எட்டு வைத்தாலோதான் அந்தக் கணக்கு தப்புகிறது. காருக்கும் பேருந்துக்கும் இந்தக் கணக்கு செல்லாது. அவற்றுக்கு வளைந்து போக இடமில்லை. அவை வந்தால் நாம்தான் நிற்க வேண்டும். நான் பார்த்த பெரிய கணினி அமைப்புகள் எல்லாவற்றிலும் நடுவில் ஒன்று உட்கார்ந்து, யார் எப்போது போகலாம் என்று ஆணையிடும். இந்தத் தெருவில் அப்படி யாரும் இல்லை. ஆளுக்கு ஆள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

பெருந்தெருக்களுக்குப் பின்னால் இன்னொரு ஊர் இருக்கிறது. 'ஹெம்' என்று சந்துகளைச் சொல்கிறார்கள். அங்கே வீட்டு முகவரி 212/15/7 என்று சாய்கோடு போட்டு எழுதப்படுகிறது. பெருந்தெருவில் 212-ஆம் எண்ணருகே நுழைய வேண்டும். அந்தச் சந்தில் 15-ஆம் எண்ணருகே கிளைச் சந்து பிரியும். அதில் 7-ஆம் வீடு. கோப்புறைக்குள் கோப்புறையாகப் போய்க் கோப்பைத் திறப்பது என் தொழில். அதை ஒரு ஊர் முழுவதும் காலால் நடந்து செய்வதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே போகப் போக ஹாரன் சத்தம் அடங்குகிறது. ஒரு திருப்பத்தில் சேவல் கூவுகிறது. வாசலிலேயே ஒரு அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருக்கிறார். மூன்றடி அகலச் சந்தில் எதிரே வண்டி வந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். அப்போது பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் என்ன ஓடுகிறது என்பதும் தெரியும்.

அலுவலகத்தில் முதல் நாள் ஒரு பெண் என் வயதைக் கேட்டாள். அறிமுகமாகி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. மெல்பர்னில் இப்படிக் கேட்டால் மனிதவளத் துறையிலிருந்து மின்னஞ்சல் வரும். நாற்பத்தைந்து என்றேன். அவள் ஒரு நொடி யோசித்தாள். தன் அப்பாவுக்கு ஐம்பது என்றும், அதனால் நான் 'ச்சூ' என்றும் அறிவித்தாள். 'ச்சூ' என்றால் சித்தப்பா. அப்பாவைவிட மூத்தவனாக இருந்திருந்தால் 'பாக்', பெரியப்பா. வியட்நாமிய மொழியில் பேச்சு நடக்க வேண்டுமென்றால் நான், நீ என்பதற்குப் பதிலாகப் பெரும்பாலும் உறவு முறைதான் வர வேண்டும். வயது தெரியாமல் வாக்கியத்தையே தொடங்க முடியாது. அவள் கேட்டது என் அந்தரங்கத்தை அல்ல. வாக்கியத்தில் என்னை எங்கே உட்கார வைப்பது என்பதை.

நமக்கு இது புதிதா? பேருந்து நடத்துநரை அண்ணே என்றும் பூக்காரியை அக்கா என்றும் கூப்பிட்டு வளர்ந்தவர்கள்தானே நாம். வெளிநாடு வந்து, மேலாளரைப் பெயர் சொல்லி அழைக்கப் பழகிய முதல் மாதம் நாக்கு எப்படிக் கூசியது என்பது இங்கே வைத்துத்தான் ஞாபகம் வந்தது. ஆனால் ஒரு சங்கடம். தங்கை, தம்பிக்கு 'எம்'. அண்ணனுக்கு 'அன்'. அக்காவுக்கு 'ச்சி'. உணவு பரிமாறும் ஒரு அம்மாளைப் பார்த்து மரியாதையாக 'ச்சி' என்று கூப்பிட என் தமிழ் நாக்கு இரண்டு நாள் மறுத்தது. தெருவைக் கடத்திவிட்ட பாட்டி சொன்ன 'கொன்' என்ன என்றும் தெரிந்தது. பிள்ளை.

அந்த மொழியை எழுதுவது ரோமன் எழுத்தில். 1651-இல் ரோமில் அச்சான ஒரு பாதிரியாரின் அகராதி அதற்கு அடித்தளம் போட்டது. படித்துவிடலாம் என்று தைரியம் கொடுத்துவிட்டு, வாயைத் திறந்ததும் கவிழ்த்துவிடும் எழுத்து அது. சுரங்கள் ஆறு. 'மா' என்று குரலை ஏற்றிச் சொன்னால் தெற்கத்திப் பேச்சில் அம்மா. ஏற்றாமல் சமமாகச் சொன்னால் பேய். கீழே அழுத்தி நிறுத்தினால் நெல் நாற்று. அம்மாவைக் கூப்பிடுகிறோம் என்று நினைத்துப் பேயை அழைத்துவிடும் ஆபத்து எந்த நேரமும் உண்டு. தெற்கில் வீட்டின் மூத்த பிள்ளையை இரண்டாமவர் என்றுதான் அழைப்பார்களாம். ஒன்று என்ற இடம் காலி. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எங்கள் தொழிலில் எண்ணுவது பூஜ்யத்தில் தொடங்கும். இரண்டில் தொடங்குவதை இங்கேதான் பார்த்தேன்.

மதியம் பன்னிரண்டரைக்கு அலுவலக விளக்குகள் அணைந்தன. மின்தடை என்று நினைத்துக் கணினியைப் பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்தது. மேசைக்கு அடியிலிருந்து மடக்குக் கட்டில்களும் தலையணைகளும் வெளியே வந்தன. ஐந்தே நிமிடத்தில் மொத்த அணியும் தூங்கிவிட்டது. உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்பதை எழுதி வைக்காமலே நடைமுறைப்படுத்தியிருந்தார்கள்.

மூன்றாம் நாள் மதியம், தூக்கத்துக்கு முன்னால், என்னைச் சித்தப்பா ஆக்கிய பெண் அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த சந்துக்கு அழைத்துப் போனாள். முழங்கால் உயரப் பிளாஸ்டிக் முக்காலிகள். சைகோனின் அடையாளமாகச் சொல்லப்படும் சாப்பாடு 'கம் தம்'. தட்டில் வந்ததைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது: நொய்யரிசிச் சோறு. அரிசி புடைத்த பிறகு முறத்தில் தங்குமே, அதே குருணை. ஒரு காலத்தில் ஏழைகளின் சோறாக இருந்தது, இன்று ஊரே வரிசையில் நின்று உண்கிறது. எங்கள் வீட்டில் நொய்யைக் கோழிக்குப் போட்டார்கள், காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வைத்தார்கள். இங்கே அதன் மேல் சுட்ட பன்றி இறைச்சி, ஊறவைத்த காரட், ஓரத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தேன் நிறத்தில் மெல்லிய சாறு.

அந்தப் பெண் கிண்ணத்தைத் தொட்டுக் காட்டி, ஊற்றிக்கொள்ளுங்கள் என்றாள். பெயரையும் சொன்னாள்.

நுக்குமாம்.

மெல்பர்னில் ஃபுட்ஸ்க்ரே பக்கம் வியட்நாமியக் கடைகளுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். அந்தப் புட்டிகளைப் பார்த்துமிருக்கிறேன். ஒட்டியிருந்த ஆங்கிலப் பெயர்தான் கண்ணில் பட்டது. ஒருவர் வாயால் சொல்லி அந்தச் சொல்லைக் கேட்டது அதுவே முதல் தடவை. திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னாள். அய்யாவின் உச்சரிப்பு ஏறக்குறைய சரி. நெத்திலியை உப்போடு மரத்தொட்டியில் போட்டு ஒரு வருடம் போல ஊறவிட்டு வடிக்கிற சாறு. 'மாம்' என்றால் உப்பில் ஊறிய மீன். 'நுக்' என்றால் தண்ணீர். "நாட்டுக்கும் எங்களுக்கு அதே சொல்தான், ச்சூ" என்றாள். நீங்கள் எந்த நாடு என்று கேட்பதற்கும், எந்தத் தண்ணீர் என்று கேட்பதற்கும் ஒரே சொல். எந்த ஊர்த் தண்ணி குடிச்சு வளர்ந்தவன் என்று எங்கள் பக்கமும் கேட்பார்கள்; அதை அவளுக்கு ஆங்கிலத்தில் எவ்வளவு விளக்கியும் முழுதாகப் போய்ச் சேரவில்லை.

கிண்ணத்தில் இருந்ததைச் சர்க்கரை, எலுமிச்சை, மிளகாய் போட்டு இளக்கியிருந்தார்கள். கலக்காத புட்டியைக் கேட்டு வாங்கி மோந்து பார்த்தேன். கருவாட்டுப் பானையைத் திறந்த வாடை. பிறகு சோற்றில் நாலு சொட்டு விட்டுச் சாப்பிட்டேன். வாடை போய் ருசி மட்டும் நின்றது. அய்யா எதற்காக ஏங்கினார் என்று நாக்குக்குத் தெரிந்தது.

அந்த வாரக் கடைசியில் அவர் இருந்த தெருவைத் தேடிப் போனேன். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அது ஓஹியே தெரு. இப்போது தோன் தத் தியெப். நகரின் நடுவே நுயென் ஹுவே பெருவீதியை ஒட்டி இருக்கிறது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்கடைகள் இந்தத் தெருவில்தான் நெருங்கி இருந்தன. மீகாங் ஆற்றுப் படுகையில் நெல் விளைந்ததற்குப் பின்னால் அவர்கள் கொடுத்த கடன் பெரும் பங்கு வகித்தது. முதலாளி ஊரில் இருப்பார். கடையைப் பார்ப்பவர் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன், கடைசியில் சமையலாள். பல கடைகள் ஒரே கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியோடு அமர்ந்து தொழில் செய்த இடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். கிடங்கு என்ற சொல்லின் உறவுதான். பேரன் அதே ஊருக்குக் கிடங்குக் கணக்கு எழுதும் மென்பொருளோடு வருவான் என்று அந்தச் சமையலாள் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

செட்டியார்கள் மட்டுமல்ல. புதுச்சேரி, காரைக்காலிலிருந்து பிரெஞ்சு அரசு வேலைக்கு வந்தவர்கள் இருந்தார்கள். 1881 ஆணையின்படி சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுக் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டவர்களும் அவர்களில் உண்டு. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் இருந்தார்கள்; 1935-இல் கட்டிய பள்ளிவாசல் நடந்துபோகும் தொலைவில் இருக்கிறது. 1975 ஏப்ரல் 30-க்குப் பிறகு பெரும்பாலோர் போய்விட்டார்கள். இன்று தெருவில் காப்பிக் கடைகளும் துணிக்கடைகளும்தான். எது கிட்டங்கியாக இருந்தது என்று கேட்க ஆள் இல்லை.

தெண்டாயுதபாணி மட்டும் இருக்கிறார். செட்டியார்கள் தொழில் செய்த ஊரிலெல்லாம் லாபத்தில் மகமை எடுத்து வைத்து முருகனுக்குக் கோயில் கட்டினார்கள்; இதுவும் அப்படி ஒன்று. நான் போன மதியம் உள்ளே இரண்டு வியட்நாமியப் பெண்கள் ஊதுபத்தியைத் தலைக்கு மேல் தூக்கி மூன்று முறை குனிந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச தூரத்தில் துருவாங் தின் தெருவில் மாரியம்மன் கோயில். அங்கே வெள்ளிக்கிழமை மாலை நிற்க இடமில்லை. நூறு பேர் இருந்தால் தமிழ் முகம் என்னுடையது ஒன்றுதான். எல்லோரும் பூவும் பழமும் ஊதுபத்தியுமாக வருகிறார்கள். கும்பிட்டுவிட்டுக் கருவறைக்குப் பின்னால் போய், கல் சுவரில் நெற்றியை ஒட்டிவைத்துத் தங்கள் குறையைக் கிசுகிசுக்கிறார்கள். மாரியாத்தாளுக்கு இப்போது ஆறு சுரத்தில் வேண்டுதல் போகிறது. அவளுக்குப் புரியாமல் இருந்தால் அத்தனை கூட்டம் வராது.

மெல்பர்னில் நம் சங்கக் கூட்டங்களில் மாதம் ஒரு முறையாவது ஒருவர் எழுந்து, நமக்குப் பிறகு இங்கே என்ன மிஞ்சும் என்று கேட்பார். மொழி மிஞ்சுமா, பெயர் மிஞ்சுமா என்று விவாதம் நடக்கும். சைகோனில் மிஞ்சியிருப்பதைப் பார்த்தேன். தமிழ் மிஞ்சவில்லை. நெற்றியை வைத்துச் சொல்ல ஒரு சுவர் மிஞ்சியிருக்கிறது. தேங்காய்ப்பாலும் சர்க்கரைவள்ளியும் போட்டு ரொட்டியோடு தின்னும் ஒரு கோழிக் குழம்புக்கு 'கா ரி' என்று பெயர் மிஞ்சியிருக்கிறது. நாம் திட்டம் போட்டு எதையும் விட்டுப்போக முடியாது போலிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் எதை எடுத்து வைத்துக்கொள்கிறாரோ அதுதான் மிச்சம்.

அன்று இரவு தேவகோட்டைக்கு அத்தையைக் கூப்பிட்டேன். அய்யாவின் பிள்ளைகளில் இன்றைக்கு இருப்பவர் அத்தை மட்டும்தான், எண்பதை நெருங்குகிறார். நுக்குமாம் யார் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு இருமல் வரும்வரை சிரித்தார்.

"மீன் தண்ணியாடா? இதுக்கா எங்கம்மா நாப்பது வருஷம் சண்டை போட்டுச்சு? இருந்திருந்தாலும் நம்பியிருக்காது. அதுக்கு அந்தப் பொம்பளையே தேவலைன்னுருக்கும்."

சிரிப்பு அடங்கியதும் குரல் மாறியது. "ஏம்ப்பா, அப்ப அய்யா ஆறு வருஷமும் அடுப்படியிலயேவா கெடந்துச்சு? ஒண்ணுமே பாக்கலையா?"

இல்லை என்றேன். மேலாள் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தபடி காலம் தள்ளியிருக்கலாம். சமையலாள் தினமும் சந்தைக்குப் போயாக வேண்டும். இங்கே பென் தான் என்று பெரிய சந்தை. 1914-லிருந்து இருக்கிறது, தெருவிலிருந்து பத்து நிமிட நடை. மீன்காரியிடம் பேரம் பேச வேண்டும், எண்ணத் தெரிய வேண்டும், அக்கா தங்கை முறை சொல்லிக் கூப்பிட வேண்டும். முதலாளியைவிட அய்யாவுக்குத்தான் இந்த ஊர்ப் பேச்சு கூடுதலாகத் தெரிந்திருக்கும். வீட்டுக்கு வந்தபோது அதையெல்லாம் சொல்லக் கேட்பாரில்லை. நாக்கில் ஒட்டியிருந்த ஒன்றை மட்டும் சொன்னார்.

"அப்படியா சொல்ற" என்றார் அத்தை. கொஞ்சம் யோசித்தார்.

"வர்றப்ப அதுல ஒரு பாட்டில் வாங்கிட்டு வா. எங்கம்மா படத்துக்கு முன்னால வச்சு, இந்தா, நல்லாப் பாத்துக்கன்னு சொல்லணும்."